'மருந்து போடாத தேன்' கேட்கும் நகரத்து நண்பர்களுக்கு

போன மாசம் சென்னையில் இருந்து ஒரு அக்கா போன் செய்தார். இந்தப் பக்கத்தை ரொம்ப நாளா வாசிக்கிறவராம். சக்கைப்பழம் பற்றி எழுதினது, ரப்பர் விலை பற்றிப் புலம்பினது எல்லாம் ஞாபகமாகச் சொன்னார். கேட்க சந்தோஷமா இருந்தது. அஞ்சு கிலோ தேன் வேணும் என்றார். விலை, பார்சல் செலவு எல்லாம் பேசி முடிச்ச பிறகு கடைசியா ஒரு கேள்வி.

"தம்பி, நீங்க பெட்டிக்கு மருந்து எதுவும் போடுறதில்லையே?"

"போடுவேன் அக்கா. தேன் எடுத்து முடிச்ச பிறகு, உண்ணிக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இல்ல தம்பி, நாங்க நேச்சுரலா இருக்கிறதா தேடுறோம். வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தப்பா எடுத்துக்கல அக்கா. அஞ்சு கிலோ தேன் போனதுக்காக இதை எழுதவும் இல்லை. உண்மையைச் சொன்ன அந்த ஒரு நிமிஷத்தில் நான் வியாபாரத்தை இழந்தேன். இதே கேள்விக்கு "சேச்சே, மருந்தா? தொடவே மாட்டோம்" என்று பொய் சொல்கிறவருக்கு அது கிடைக்கும். இப்படியே நடந்தால் தேன் வளர்க்கிறவன் என்ன கத்துக்குவான்? பொய் சொல்லக் கத்துக்குவான், இல்லையென்றால் மருந்தே போடாமல் பெட்டியைச் சாக விடுவான். எங்க ஊரில் இரண்டும் நடக்குது. அதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் காரமாகவே எழுதப் போறேன்.

எங்க மாவட்டம் கன்னியாகுமரி. தமிழ்நாட்டில் தேன் என்றால் மார்த்தாண்டம் பேர் வரும். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இங்கே மரப்பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பினார். மரப்பொந்திலும் பானையிலும் இருந்த தேனீ அப்படித்தான் எங்க தாத்தாமார் காலத்தில் முற்றத்துப் பெட்டிக்கு வந்தது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

இங்கே தேனுக்கு ஆதாரம் பூ என்று நினைப்பீங்க. பெரும்பாலும் இல்லை, ரப்பர். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். புது இலை விடும்போது மூன்று இலையும் சேருகிற காம்பு நுனியில் இனிப்பா ஒரு நீர் சுரக்கும். தேனீ அதைத்தான் எடுக்கும். பிப்ரவரி, மார்ச் மாசம் தோட்டத்துக்குள்ள நின்னா மழை பெய்யிற மாதிரி இரைச்சல் கேட்கும். ஏப்ரலோட எங்க அறுவடை முடிஞ்சது. அதுக்கப்புறம் மழைக்காலம். தேனீக்குச் சாப்பாடு இல்லாத காலம், நாங்க சீனிப்பாகு வைத்துக் காப்பாத்துகிற காலம்.

எங்கிட்ட இரண்டு வகைத் தேனீ இருக்கு. நாட்டுத் தேனீ பதினாலு பெட்டி. இத்தாலியத் தேனீ பத்துப் பெட்டி. நாட்டுத் தேனீ அப்பா காலத்துச் சொத்து. இத்தாலியத் தேனீயை வடக்கே நக்ரோட்டா பக்வானில் 1962-ல் நிலைப்படுத்தினார்கள். அங்கிருந்து பரவி, ரொம்பக் காலம் கழிச்சு எங்க ஊருக்கும் ஒரு மானியத் திட்டத்தில் வந்து சேர்ந்தது. நாட்டுப் பெட்டி ஒன்று வருஷத்துக்குப் பத்துக் கிலோ பக்கம் தரும். இத்தாலியப் பெட்டி அதைப் போல மூணு மடங்கு தரும். நீங்க கேட்கிற விலைக்கு, நீங்க கேட்கிற அளவுக்குத் தேன் வேணும்னா இத்தாலியப் பெட்டி இல்லாமல் முடியாது.

ஆனா அந்தப் பெட்டியோட கூடவே ஒரு பிரச்சினையும் வந்தது. அதன் பேர் வரோவா உண்ணி.

செம்பழுப்பு நிறம். நீளம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அகலம் ஒன்றரை மில்லிமீட்டர். சின்ன நண்டு மாதிரி பக்கவாட்டில் பரந்த உடம்பு. ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீங்க. தேனீயோட உடம்புக்கு அது, நம்ம முதுகில் ஒரு ஆமை ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி. அது ரத்தம்தான் குடிக்குது என்று ரொம்பக் காலம் நினைச்சிருந்தாங்க. வளர்ந்த தேனீயிடம் அது முக்கியமாகத் தின்பது கொழுப்புத் திசுவை என்று 2019-ல் சாமுவேல் ராம்சி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் காட்டினார்கள். நம்ம கல்லீரல் செய்கிற வேலையில் பாதியை அந்தத் திசுதான் தேனீக்குச் செய்யுது.

அது பெருகுகிற விதம்தான் மோசம். புழு இருக்கிற அறையை வேலைக்காரத் தேனீ மெழுகால் மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தாய் உண்ணி உள்ளே நுழைஞ்சுக்கும். மூடின பிறகு முட்டை போடும். முதல் முட்டை ஆண், அடுத்தடுத்தது பெண். அண்ணனும் தங்கச்சிகளும் அந்த இருட்டு அறைக்குள்ளேயே இணை சேரும். தேனீ வெளியே வரும்போது தாயும் வளர்ந்த மகள்களும் சேர்ந்து வெளியே வரும். குளிர் தேசத்தில் பனிக்காலத்தில் ராணி முட்டை போடுறதை நிறுத்தும், உண்ணிக்கும் பெருக இடம் இல்லாமல் போகும். எங்க ஊரில் அந்த விடுமுறையும் கிடையாது. வருஷம் பூரா புழு இருக்கும். விட்டுவிட்டால் உண்ணி ஏறக்குறைய மாசத்துக்கு இரட்டிப்பாகும். ஏப்ரலில் ஐம்பது என்றால் ஆகஸ்டில் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்க.

உண்ணி மட்டும் கொல்லுறதில்லை. அது சிறகைச் சுருட்டுகிற வைரஸை ஒரு தேனீயிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு போகுது. பெட்டிக்கு முன்னாடி தரையில், சுருங்கின சிறகோட பறக்க முடியாம ஊர்ந்து போகிற தேனீயைப் பார்த்தீங்கன்னா, அந்தப் பெட்டி ரொம்ப தாமதமாயிட்டுன்னு அர்த்தம்.

"நாட்டுத் தேனீக்கு இது வராதாமே? அதையே வளர்க்கலாமே?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. இந்த உண்ணியே ஆதியில் நாட்டுத் தேனீயோட உண்ணிதான். காலங்காலமா ஒண்ணா வாழ்ந்ததில் இரண்டுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு. நாட்டுத் தேனீ ஒன்றையொன்று சுத்தம் செய்துக்கும். உண்ணி புகுந்த வேலைக்காரப் புழுவைக் கண்டுபிடிச்சு இழுத்து வெளியே போடும். உண்ணியால் ஆண் புழு அறையில் மட்டும்தான் பெருக முடியும். இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது. அது உண்ணியைச் சந்திச்சே நூறு வருஷம் ஆகலை.

ஆனா நாட்டுத் தேனீ சாகாவரம் வாங்கி வரலை. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து பை நோய் என்ற வைரஸ் வந்தது. புழு தண்ணி நிறைஞ்ச பை மாதிரி ஆகி அறைக்குள்ளேயே செத்தது. தென்னிந்தியா பூரா நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிஞ்சது. எங்க அப்பாகிட்ட நாப்பது பெட்டி இருந்தது. ஒரே வருஷத்தில் நாப்பதும் காலி. அந்தப் பெட்டிப் பலகைகளை அம்மா அடுப்புக்கு வெட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பா அதைப் பார்க்காமல் திண்ணையில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். காட்டிலும் பொந்திலும் தப்பிப் பிழைச்ச கூட்டங்களைப் பிடித்துத்தான் பிறகு எல்லாரும் மீண்டும் தொடங்கினோம். அதனால் "இயற்கை பார்த்துக்கும்" என்று யாராவது சொன்னா எனக்கு அந்த அடுப்புதான் ஞாபகம் வரும். இயற்கை பார்த்துக்கும், உண்மைதான். நாப்பதில் முப்பத்தெட்டைக் கொன்றுவிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கும்.

இதைச் சோதனையாகவே செய்து பார்த்திருக்காங்க. ஸ்வீடனில் கோட்லாண்ட் என்ற தீவில், 1999-ல், 150 கூட்டங்களை உண்ணியோட விட்டு, எந்த மருந்தும் போடாமல் கவனித்தார்கள். சில வருஷத்தில் பெரும்பாலானவை செத்தன. மிஞ்சின கொஞ்சம் உண்ணியோட வாழப் பழகிக்கொண்டன. அறிவியலுக்கு அது பெரிய லாபம். ஆனா அது ஆராய்ச்சிக்காரர்கள் பக்கத்தில் வேறு தேனீ இல்லாத இடம் பார்த்துச் செய்தது. பத்துப் பெட்டி வைத்து மகள் காலேஜ் பீஸ் கட்டுகிறவனை அந்தச் சோதனையைச் செய்யச் சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை.

இப்போ என் பாவத்தைச் சொல்றேன். இத்தாலியப் பெட்டி வாங்கின மூணாவது வருஷம். பெட்டியெல்லாம் பொங்கி வழியுது. நல்ல தேன். எனக்குத் தலைக்கனம். அப்பவும் சென்னை, பெங்களூர் நண்பர்கள் "மருந்து இல்லாத தேன்" என்று புகழ்ந்து எழுதினீங்க. நானும் பெருமையா, "எங்க தோட்டத்தில் எந்த மருந்தும் கிடையாது" என்று இதே பக்கத்தில் எழுதினேன். பழைய பதிவு இருக்கும், தேடிப் பாருங்க. ஏப்ரலில் தேன் எடுத்தேன். உண்ணி எண்ணவில்லை. எண்ணினா எண்ணிக்கை வரும், எண்ணிக்கை வந்தா ஏதாவது செய்யணும், செய்தா உங்ககிட்ட வாங்கின பேர் போயிடும். அதான் உண்மையான காரணம்.

ஆகஸ்டில் ஏழு பெட்டி போச்சு. முதல் பெட்டி சாய்ந்தப்ப ராணி சரியில்லைன்னு நினைச்சேன். இரண்டாவதுக்கு மழையைக் குறை சொன்னேன். மூணாவதில் அடிப்பலகையை இழுத்துப் பார்த்தா செம்பழுப்பா எள்ளு கொட்டின மாதிரி கிடக்குது.

அதோட முடியலை. சாகிற பெட்டியில் காவல் இருக்காது, ஆனா தேன் இருக்கும். பக்கத்துப் பெட்டித் தேனீ அதைக் கொள்ளையடிக்க வரும். தேனோட உண்ணியையும் முதுகில் ஏத்திக்கொண்டு வீட்டுக்குப் போகும். எங்க தோட்டத்துக்கு மேக்கே, கூப்பிடு தூரத்தில், எனக்கு மாமா முறையில் ஒருத்தர் ஆறு பெட்டி வைத்திருந்தார். சங்கத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒழுங்கா எண்ணி, ஒழுங்கா மருந்து வைத்து வளர்க்கிறவர். அவருக்கு நாலு பெட்டி போச்சு. மழை விட்ட ஒரு சாயங்காலம் வந்து முற்றத்தில் நின்னார். சாயா குடிக்கச் சொன்னேன், உட்காரவே இல்லை.

"மக்கா, ஒனக்க பெட்டி செத்தது ஒனக்க பாடு. எனக்க பெட்டிய எதுக்குக் கொன்ன?"

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அதுக்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரை அவர் எங்கிட்டப் பேசலை. அந்த வருஷம் அவர் மகளுக்கு இரண்டாம் வருஷப் பீஸ் கட்ட மோதிரத்தை அடகு வைத்தார் என்று அத்தை பிறகு சொன்னாங்க. என் "மருந்து போடாத தேன்" என்ற பெருமைக்கு அவர் மோதிரம் விலை.

அதனால் நண்பர்களே, ஒருத்தன் தன் பெட்டிக்கு மருந்து போடமாட்டேன் என்பது அவனுடைய தனிப்பட்ட கொள்கை இல்லை. தேனீ இரண்டு மூணு கிலோமீட்டர் சாதாரணமாகப் பறக்கும். அதுக்கு உங்க பட்டா எல்லை தெரியாது.

எங்க சங்கம் பற்றிச் சொல்லணும். சங்கம்னா பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. மாசத்தில் இரண்டாவது ஞாயிறு, வாசகசாலைத் திண்ணையில், இருபத்திமூணு பேர். அதில் அஞ்சு பேர் பெண்கள். எல்லாரும் சேர்ந்து காசு போட்டு வாங்கின தேன் எடுக்கிற மிஷின் ஒன்று இருக்கு. யார் வீட்டில் கூட்டம் பிரிஞ்சு மரத்தில் தொங்கினாலும் போன் வரும், ஏணியோட போவோம். முன்னாடி இவ்வளவுதான். சாயா, வடை, மானியம் எப்போ வரும் என்ற பேச்சு.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு மாமாதான் ஒரு கரும்பலகை வாங்கி வந்து வைத்தார். அதில் ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரே ஒரு எண். உண்ணி எண்ணிக்கை. எண்ணாமல் வந்தவருக்கு நேரே பூஜ்யம் போடமாட்டோம், கேள்விக்குறி போடுவோம். முதல் மாசம் பன்னிரண்டு கேள்விக்குறி. இப்போ ஒன்றோ இரண்டோதான். வெட்கம் மாதிரி நல்ல மருந்து வேற இல்லை.

எண்ணுறது எப்படின்னு கேட்டா, சிரிப்பீங்க, சீனி போதும். வாய் அகன்ற பாட்டில், மூடிக்குப் பதிலா கம்பி வலை. புழு இருக்கிற சட்டத்தில் இருந்து 120 மில்லி அளவு தேனீயை உள்ளே தட்டணும், ஏறக்குறைய முந்நூறு இருக்கும். ராணி அதில் இல்லைன்னு இரண்டு தடவை பார்த்துக்கணும். நல்லாப் பொடிச்ச சீனி இரண்டு ஸ்பூன் வலை வழியாத் தூவி, பாட்டிலை உருட்டி, இரண்டு நிமிஷம் நிழலில் வைக்கணும். சீனி பட்டால் உண்ணியோட பிடி வழுக்கிப் போகும். அப்புறம் கவிழ்த்து வெள்ளைத் தட்டில் ஒரு நிமிஷம் உதறணும். தட்டில் தண்ணி தெளிச்சா சீனி கரையும், உண்ணி மட்டும் மிதக்கும். எண்ணிக்கோ. தேனீயைப் பெட்டிக்கு முன்னாடி கொட்டிவிட்டால் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துக்கொண்டு உள்ளே போயிடும். முந்நூறு தேனீக்கு ஒன்பது உண்ணி, அதாவது நூற்றுக்கு மூணு வந்தா இனிமே காத்திருக்கக்கூடாது. அது எங்க சங்கத்துக் கோடு. உலகத்தில் பல இடத்திலும் ஏறக்குறைய இந்தக் கோடுதான்.

கோட்டைத் தாண்டினா என்ன செய்வோம்? முதலில் மருந்து இல்லை. ஆண் தேனீ அறை அடையை வெட்டி எடுத்துடுவோம். உண்ணிக்கு ஆண் அறை ரொம்பப் பிடிக்கும். அது மூடியிருக்கிற நாள் கூட, அதனால் குட்டியும் கூட. ஆண் அறையைத் தூண்டில் மாதிரி வைத்து, மூடினதும் வெட்டி எடுத்தா உண்ணி ஒரு பங்கு அதோட போயிடும். அடுத்தது ராணியைச் சின்னக் கூண்டில் இருபத்திநாலு நாள் அடைத்து வைக்கிறது. முட்டை நின்னுடும், இருக்கிற புழுவெல்லாம் தேனீயாகி வெளியே வந்துடும். உண்ணிக்கு ஒளிய அறை இல்லை. அந்த நேரத்தில் ஆக்சாலிக் அமிலம் வைத்தா வேலை செய்யும். மூடின அறைக்குள்ள அது போகாது, அதனால்தான் இந்தக் காத்திருப்பு.

இன்னொன்று பார்மிக் அமிலம். இதில்தான் எங்க ஊர் வேடிக்கை. ரப்பர் பாலை உறைய வைக்க ஊத்துறோமே, அதே ஆசிட். எங்க எல்லார் வீட்டுப் புகைப்புரையிலும் ஒரு கேன் இருக்கும். எறும்பு கடிச்சா எரியுதே, அதில் இருக்கிறதும் அதுதான். ஆவியாகி மூடின அறைக்குள்ளேயும் போய் உண்ணியைக் கொல்லும். ஆனா வெயில் முப்பது டிகிரியைத் தாண்டினா ஆவி கூடிப்போய் ராணியையும் கொன்றுபோடும். கையில் பட்டால் வெந்துடும், மூச்சில் போனா நெஞ்சு எரியும். அதனால் அளவு என்ன, எப்படி வைக்கணும் என்று நான் இங்கே எழுதமாட்டேன். பயிற்சியில் நேரில் கத்துக்கணும். நாங்க வைக்கிறது தேன் அறை எடுத்த பிறகு, மழை தொடங்கிச் சூடு குறைஞ்ச பிறகு, சங்கம் முழுக்க ஒரே வாரத்தில்.

இந்த இரண்டு அமிலமும் தேனில் இயற்கையிலேயே கொஞ்சம் இருக்கிறதுதான். தேன் அறை இல்லாத காலத்தில், சரியான அளவில் வைத்தால் உங்க பாட்டிலுக்கு அதனால் ஆபத்து இல்லை. நீங்க பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு.

அதையும் மறைக்காமல் சொல்றேன், எங்க ஆட்கள் கோவிச்சாலும் சரி. மாட்டு உண்ணிக்கு விற்கிற மருந்தை வாங்கி, அட்டையில் நனைச்சு, பெட்டிக்குள்ள சொருகுகிறவங்க இருக்காங்க. அளவு கிடையாது, காலம் கிடையாது. தேன் வரும்போதே அட்டை உள்ளே கிடக்கும். ஃப்ளூவாலினேட் பட்டையை வைத்தவங்க ஆறு வாரம், எட்டு வாரத்தில் எடுக்கணும். சிலர் எடுக்காமல் வருஷக்கணக்கா விட்டுவிடுறாங்க. அந்த மாதிரி மருந்து மெழுகில் தங்கும். கொல்லாத அளவில் தங்கினா உண்ணி பழகிக்கும். பல நாட்டில் அந்த மருந்துக்கு உண்ணி சாகிறதே இல்லை என்று ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அட்டை சொருகுகிறவர்களில் ஒருத்தர் பாட்டிலில்தான் "மருந்து தொடாதது" என்று பெரிசா அச்சடிச்சிருக்கு. ஏன் அப்படின்னு கேட்டேன்.

"கேக்குறவனுக்கு அதுதான்டே வேணும். நீ நெசத்த சொல்லி என்ன வித்த?"

இதுக்கும் எங்கிட்டப் பதில் இல்லை. நீங்கதான் பதில் சொல்லணும். மருந்து போட்டதா ஒத்துக்கிட்டா வாங்கமாட்டீங்க. அப்போ மருந்து திருட்டுத்தனமாத்தான் நடக்கும். திருட்டுத்தனமா நடக்கிற வேலையில் அளவும் இருக்காது, தேதியும் இருக்காது. உங்க குழந்தை வாயில் என்ன போகக்கூடாதுன்னு அந்தக் கேள்வியைக் கேட்டீங்களோ, அந்தக் கேள்விதான் அதைக் கொண்டுவருது.

இன்னொரு கூட்டம் இருக்கு. மே 20 வந்தா உலகத் தேனீ நாள். 2018-லிருந்து கொண்டாடுறாங்க. அன்றைக்கு என் போனுக்கு நாப்பது படம் வரும். தேனீ அழிஞ்சா மனுஷன் நாலு வருஷத்தில் அழிஞ்சுடுவான்னு ஐன்ஸ்டீன் சொன்னாராம். ஐன்ஸ்டீன் அப்படிச் சொன்னதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. அந்த உணர்ச்சியில் நகரத்தில் மொட்டை மாடிக்கு இரண்டு இத்தாலியப் பெட்டி வாங்கி வைக்கிறாங்க. ஒரு நாள் பயிற்சி, வெள்ளை உடுப்பு, போட்டோ. ஆறு மாசத்தில் ஆர்வம் குறையும். எண்ணமாட்டாங்க. பெட்டி உள்ளே உண்ணி பெருகும். பிறகு அது சாகும், அக்கம்பக்கத்துத் தேனீ அதைக் கொள்ளையடிக்கும். தேனீயைக் காப்பாத்த வாங்கின பெட்டி தேனீயைக் கொல்லுகிற பெட்டியா மாறும். நான் இலவசமாச் சொல்றேன், மாசம் ஒரு தடவை வெள்ளைத் தட்டில் உதறி எண்ண உங்களுக்கு நேரம் இல்லைன்னா பெட்டி வாங்காதீங்க. மாடியில் துளசி வையுங்க, முருங்கை நடுங்க. தேனீ தானா வந்து சாப்பிட்டுட்டுப் போகும்.

மானியம் கொடுக்கிறவங்களுக்கும் இதேதான். 2020-ல் மத்திய அரசு தேசிய தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவிச்சது. நல்லது. ஆனா எங்க ஊருக்கு ஒரு திட்டத்தில் பெட்டி வந்தப்ப ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு புகைப்பான், ஒரு முகவலை கொடுத்தாங்க. போட்டோ எடுத்தாங்க. உண்ணி என்ற வார்த்தை அன்றைக்கு யார் வாயிலும் வரலை. ஒரு வலை மூடி போட்ட பாட்டிலுக்கு எவ்வளவு செலவாகும்? எண்ணத் தெரியாதவன் கையில் பெட்டி கொடுக்கிறது, நீச்சல் தெரியாதவனைக் குளத்தில் இறக்கிவிட்டு வேட்டி பரிசு கொடுக்கிற மாதிரி.

எச்சரிக்கையா இருந்தா வராதுன்னும் நினைக்காதீங்க. ஆஸ்திரேலியா சுத்திக் கடல் உள்ள கண்டம். பழம் ஒன்றைக்கூட உள்ளே விடாத நாடு. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் இந்த உண்ணியைக் கண்டுபிடிச்சாங்க. ஆயிரக்கணக்கில் கூட்டங்களை அழிச்சுப் பார்த்தாங்க. 2023 செப்டம்பரில் ஒழிக்க முடியாது, சேர்ந்து வாழத்தான் வேணும்னு கையை விரிச்சுட்டாங்க. அப்படிப்பட்ட நாட்டுக்கே அந்த நிலைமை என்றால், வாசகசாலைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற இருபத்திமூணு பேருக்கு உண்ணி இல்லாத உலகம் கிடைக்காது. எண்ணிக்கையைக் கோட்டுக்குக் கீழே வைக்கிறதுதான் எங்களுக்குக் கிடைக்கிற வெற்றி. அதுக்கு எல்லாரும் எண்ணணும். ஒருத்தர் விட்டாலும் போச்சு.

போன கூட்டத்தில் நான் ஒரு யோசனை வைத்தேன். பாட்டில் லேபிளில் மூணு வரி சேர்ப்போம். தேன் எடுத்த மாசம். கடைசியா உண்ணி எண்ணின தேதியும் எண்ணும். என்ன மருந்து, எப்போ வைத்தோம் என்பது. பெரிய சண்டை. "மருந்துன்னு நம்ம கையாலேயே எழுதிக் கொடுக்கவா? ஒரு பாட்டில் விக்காது" என்று பாதிப் பேர். மாமா எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "ஒரு வருஷம் பாப்போம். விக்கலன்னா நாம ரெண்டு பேரும் குடிப்போம் மக்கா" என்றார். இப்போ ஆறு பேர் ஒத்துக்கிட்டிருக்கோம். மத்தவங்க என்ன ஆகுதுன்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க.

அதனால் உங்ககிட்டக் கேட்கிறது இவ்வளவுதான். தேன் வாங்கும்போது "மருந்து போட்டீங்களா?" என்று கேட்காதீங்க. "கடைசியா எப்போ எண்ணினீங்க, எத்தனை வந்தது?" என்று கேளுங்க. "மருந்து வைத்தது தேன் எடுக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்க. உண்மையாத் தேனீ வளர்க்கிறவன் இந்தக் கேள்விக்கு சந்தோஷப்பட்டு அரை மணி நேரம் பேசுவான். பொய்க்காரன் பேச்சை மாத்துவான். உங்களுக்கு வேற சோதனையே வேண்டாம்.

மருந்தே வேண்டாம், உண்ணி வம்பே வேண்டாம் என்றால் நாட்டுத் தேன் கேளுங்க. அதுக்கு மூணு மடங்கு விலை கொடுங்க, எங்களுக்கு அது கட்டுப்படியாகும். வருஷத்துக்குப் பத்துக் கிலோதான் வரும், தீர்ந்துட்டா அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்கணும். விலையும் குறையணும், மருந்தும் கூடாது, எப்பவும் கிடைக்கணும் என்று மூணையும் ஒண்ணா எங்க தேனீ தராது.

சென்னை அக்கா, நீங்க இதை வாசிப்பீங்கன்னு தெரியும். அஞ்சு கிலோவை இன்னும் வேற யாருக்கும் கொடுக்கலை. ஏப்ரல் மாசம் எடுத்தது. எடுக்குறதுக்கு முன்னாடி எண்ணினதில் முந்நூறுக்கு நாலு. மருந்து வைத்தது எடுத்த பிறகுதான், மழை தொடங்கின பிறகு. லேபிளில் எல்லாம் எழுதியிருக்கும். வர்ற இரண்டாவது ஞாயிறு குழந்தைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. வாசகசாலைத் திண்ணையில் வெள்ளைத் தட்டு அவங்க கையில்தான். எண்ணிப் பார்த்துட்டுச் சொல்லட்டும், இந்தத் தேன் வேணுமா வேண்டாமான்னு.